பூட்டு இல்லாத வாசல்

வீட்டுக்கு வீடு வை-பை பெட்டி: வாங்குவது எப்படி? காப்பது எப்படி?

2008-ம் ஆண்டு ஜூலை மாதம் 26-ந் தேதி. மாலை நேரம்.

அகமதாபாத் நகரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 50-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். நாடே நடுங்கியது.

முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு, டெலிவிஷன் நிலையங்களுக்கு ஒரு மிரட்டல் இ-மெயில் வந்து இருந்தது. அதை அனுப்பியது யார்? போலீசார் தடம் பிடித்தார்கள். அந்தத் தடம் அவர்களை நவி மும்பையில் ஒரு குடியிருப்புக்குக் கொண்டுபோய் விட்டது.

அந்த வீட்டில் இருந்தவரைப் போலீசார் விசாரித்தார்கள். அவருடைய கம்ப்யூட்டரை எடுத்துப்போய் ஆராய்ந்தார்கள். ஊர் முழுவதும் அவர் பெயர் அடிபட்டது. கடைசியில், அவருக்கும் இந்தச் சதிக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தது.

பிறகு, அவர் வீட்டில் இருந்து இ-மெயில் போனது எப்படி?

அவர் வீட்டு வை-பைக்குச் சரியான பூட்டு இல்லை! யாரோ ஒருவன் வெளியே இருந்தபடியே அந்த வீட்டு இன்டர்நெட்டைப் பயன்படுத்தி இருக்கிறான். அவன் செய்த குற்றத்துக்கு இவர் வீட்டு விலாசம் பதிவாகி விட்டது.

அப்போது வை-பை என்பது சில வீடுகளில் மட்டுமே இருந்தது. இன்று? பிள்ளைகளின் படிப்பு, அப்பாவின் பணப் பரிமாற்றம், அம்மாவின் டாக்டர் சீட்டு, தாத்தாவின் பென்சன் தாள் எல்லாமே அந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான் போகின்றன.

அந்தப் பெட்டியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறோம். எரிந்தால் திருப்தி. எரியாவிட்டால் கம்பெனிக்குப் போன் செய்கிறோம். அவ்வளவுதான்!

அது போதாது என்று உலகச் செய்திகள் சொல்கின்றன.

பெட்டி செய்யும் வேலை என்ன?

இந்தப் பெட்டிக்கு ரூட்டர் என்று பெயர். ஒரே ஒரு இணைப்புதான் தெருவில் இருந்து வீட்டுக்கு வருகிறது. அதை நாலு செல்போனுக்கும், ஒரு லேப்டாப்புக்கும், டி.வி.க்கும் பிரித்துக் கொடுப்பது ரூட்டர். தபால்காரர் கடிதத்தை வீடு பார்த்துக் கொடுப்பதுபோல, எந்தச் செய்தி எந்தக் கருவிக்கு என்று பார்த்து அனுப்புகிறது.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. அது வீட்டு வாசல். வெளியே இருந்து வருகிறவர்களை உள்ளே விடாமல் தடுப்பதும் அதுதான்.

ரூட்டர் வேலை செய்வது ரேடியோ அலையில். ஒரு காலத்தில் நம் நாட்டில் வீட்டில் ரேடியோ பெட்டி வைத்துக்கொள்ளவே லைசென்சு வேண்டும். வை-பைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலை வரிசையை 2005-ல் மத்திய அரசு லைசென்சில் இருந்து விடுவித்தது. 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையிலும் பெரும் பகுதியைத் திறந்து விட்டது.

அலைக்குச் சுவர் கிடையாது. உங்கள் வை-பை பக்கத்து வீட்டிலும் தெரியும், தெருவிலும் தெரியும். ஆகவே பூட்டு மிக மிக அவசியம்.

கள்ளச் சாவி தேவைப்படவில்லை!

2016-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவில் ஒரு விந்தை நடந்தது. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய பெரிய நிறுவனங்களின் பக்கங்கள் பல மணி நேரம் திறக்கவே இல்லை.

காரணம், "மிராய்" என்ற ஒரு கள்ள சாப்ட்வேர். அது வீடுகளில் இருந்த காமிராக்களிலும் ரூட்டர்களிலும் புகுந்து, அத்தனையையும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தைத் தாக்க வைத்தது. பெட்டியின் சொந்தக்காரர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

அது உள்ளே புகுந்தது எப்படி? பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பும் சாதாரண பாஸ்வேர்டுகள் சுமார் 60-ஐ அது வரிசையாகச் சொல்லிப் பார்த்தது. மாற்றாமல் விட்ட வீடுகளில் கதவு திறந்தது! இந்த சாப்ட்வேரை உருவாக்கியதாக மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே, 2016 நவம்பரில், ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீடுகளின் இணைப்பு தடுமாறியது. அங்கும் குறி வைக்கப்பட்டது ரூட்டர்தான்.

பிரிண்டரும் தப்பவில்லை. 2018 நவம்பர் கடைசியில், உலகத்தின் பல நாடுகளில் சுமார் 50 ஆயிரம் பிரிண்டர்கள் திடீரென்று தாமாகவே ஒரு தாளை அச்சடித்துத் தள்ளின. ஒரு யூ-டியூப் சேனலுக்கு ஆதரவு தரும்படி அந்தத் தாளில் எழுதி இருந்தது! செய்தவர் விளையாட்டாகச் செய்தார். ஆனால் விஷயம் விளையாட்டு அல்ல. வீட்டுக்கும் ஆபீசுக்கும் உள்ளே இருக்க வேண்டிய பிரிண்டர், இன்டர்நெட் தெருவில் கதவு திறந்து நின்றது என்பதுதான் அதன் பொருள்.

காலாவதி ஆன பெட்டி

2025-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் எப்.பி.ஐ. ஓர் எச்சரிக்கை விட்டது. பழைய ரூட்டர்களைப் பற்றிய எச்சரிக்கை அது.

ரூட்டருக்குள் ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. அதில் அவ்வப்போது ஓட்டை கண்டுபிடிக்கப்படும். தயாரித்த கம்பெனி அந்த ஓட்டையை அடைத்துப் புதிய சாப்ட்வேர் அனுப்பும். இதற்குத்தான் அப்டேட் என்று பெயர். சில ஆண்டுகள் ஆனதும் கம்பெனி, "இந்த மாடலுக்கு இனி அப்டேட் கிடையாது" என்று நிறுத்திவிடும். அதற்குப் பிறகு தெரியவரும் ஓட்டை, ஓட்டையாகவே இருக்கும்.

அப்படிக் கைவிடப்பட்ட ரூட்டர்களைத் தேடிப் பிடித்து, ஒரு கும்பல் அவற்றில் கள்ள சாப்ட்வேரை ஏற்றி இருந்தது. பிறகு அந்த ரூட்டர்களை வாடகைக்கு விட்டது! வாடகைக்கு எடுத்தவன் என்ன செய்தாலும், அவன் விலாசம் தெரியாது. ரூட்டர் இருக்கும் வீட்டின் விலாசம்தான் தெரியும். அமெரிக்க அரசாங்கம் இப்படிப்பட்ட இரண்டு வாடகை நிலையங்களை முடக்கியது. மூன்று ரஷியர்கள் மீதும், கஜகஸ்தானைச் சேர்ந்த ஒருவர் மீதும் வழக்குத் தொடர்ந்தது.

2008-ல் நவி மும்பையில் நடந்தது நினைவுக்கு வருகிறதா? குற்றம் ஒருவனுடையது, விலாசம் இன்னொருவருடையது. அன்று பூட்டு இல்லாத கதவு. இன்று, பூட்டு துருப்பிடித்துப்போன கதவு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பழைய ரூட்டர்கள் எல்லாம் நன்றாக வேலை செய்துகொண்டு இருந்தவைதான். விளக்கு எரிந்தது. படம் ஓடியது. "ஓடுகிறதே, ஏன் மாற்ற வேண்டும்?" என்று சொந்தக்காரர்கள் இருந்து இருப்பார்கள். ஓடுகிற பெட்டி வேறு. காவல் உள்ள பெட்டி வேறு.

மருந்து வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்க்கிறோம். ரூட்டருக்கும் காலாவதி உண்டு. ஆனால் அது பல பெட்டிகளின் மேல் எழுதப்படுவது இல்லை!

சட்டம் வந்தது, போதுமா?

இதைச் சட்டமாக்கியது இங்கிலாந்து. 2024 ஏப்ரல் 29-ந் தேதி முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக்கூடாது என்று அங்கே தடை. எத்தனை காலம் அப்டேட் கிடைக்கும் என்பதையும் கம்பெனி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளும் ஒரு சட்டம் கொண்டு வந்தன. அது 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. அதன் முக்கிய விதிகளுக்கு 2027 டிசம்பர் 11 என்று நாள் குறித்து இருக்கிறார்கள். பொதுவாக 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் அப்டேட் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

நல்ல சட்டங்கள்தான். ஆனால் சட்டம் கடைக்குத்தான் போகும். நம் வீட்டு அலமாரி மேல் ஏற்கனவே இருக்கும் பெட்டிக்குள் அது வராது. அங்கே காவல்காரர் நாம்தான்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

கடைக்காரர், "இதற்கு நாலு கொம்பு, அதற்கு ஆறு கொம்பு" என்பார். கொம்பை எண்ணி வாங்காதீர்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. எந்த வருடம் வரை அப்டேட் கிடைக்கும்? தானாகவே அப்டேட் ஆகுமா? இதுதான் முதல் கேள்வி. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கம்பெனியின் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். மிக மலிவாகக் கிடைக்கும் பழைய மாடல், சில சமயம் காலாவதி நெருங்கிய சரக்காக இருக்கும்.

2. இரண்டு அலை வரிசையும் உண்டா? 2.4 சற்று மெதுவானது. ஆனால் சுவர் தாண்டித் தூரம் போகும். 5 வேகமானது, தூரம் குறைவு. இரண்டும் வேண்டும். ஏன் என்றால், பல பிரிண்டர்களுக்கு 2.4 மட்டுமே தெரியும்.

3. வேகம் எவ்வளவு? பெட்டியின் மேல் 1200, 3000 என்று பெரிய எண் இருக்கும். எல்லா அலை வரிசைகளின் வேகத்தையும் கூட்டிப் போட்ட எண் அது. நீங்கள் மாதம் கட்டும் பணத்துக்கு 100 மெகாபிட் வருகிறது என்றால், எந்த ரூட்டர் வாங்கினாலும் இன்டர்நெட் வேகம் 100-தான். குழாயில் வரும் தண்ணீர் குடத்தைப் பெரிதாக்கினால் கூடுமா?

4. டபிள்யு.பி.ஏ.-3 என்ற பூட்டு உண்டா? 2018-ல் வந்த பூட்டு அது. அதற்கு முந்தியது டபிள்யு.பி.ஏ.-2. டபிள்யு.இ.பி. என்று மிகப் பழைய பூட்டு ஒன்று உண்டு. அதை உடைக்கும் வழி 2001-லேயே தெரிந்துவிட்டது. அதைத் தொடவே வேண்டாம்.

இன்டர்நெட் கம்பெனியே பெட்டி கொடுத்து இருந்தால்? முதல் கேள்வியையும் கடைசிக் கேள்வியையும் அவர்களிடம் கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. மாதாமாதம் பணம் கட்டுகிறோம்.

வீட்டுக்கு ஒரு பிரிண்டர், எல்லோருக்கும் உபயோகம்

"வருடத்தில் பத்துத் தாள் அச்சடிக்க பிரிண்டர் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்துத் தாளுக்கு ஜெராக்ஸ் கடை போதும். அதிலும் மை பீய்ச்சும் பிரிண்டரைச் சும்மா வைத்து இருந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஆதார் அட்டையையும் பாங்கிக் கணக்குத் தாளையும் கடைக்காரர் போனுக்கு அனுப்பி அச்சடிக்கிறோம். பிறகு அதை அவர் அழித்தாரா என்று பார்க்கிறோமா? பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில், அடிக்கடி இப்படிப்பட்ட தாள் எடுக்கும் வீட்டில், ஒரு பிரிண்டர் வாங்கிப் பொதுவாக வைப்பதில் தவறு இல்லை.

பிரிண்டரைப் பொதுவாக வைக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: ஒரு கம்ப்யூட்டரில் பிரிண்டரை மாட்டி, மற்றவர்களுக்கும் திறந்து விடுவது. செலவு இல்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் எப்போதும் ஓட வேண்டும்.

இரண்டாம் வழி: சில ரூட்டர்களில் யு.எஸ்.பி. துளை இருக்கும். பிரிண்டரை அதில் மாட்டலாம். கேட்கச் சுலபம். ஆனால் மலிவான பிரிண்டர்கள் பல, கம்ப்யூட்டரின் துணை இல்லாமல் தாமாக அச்சடிக்கத் தெரியாதவை. அச்சு வந்தாலும் ஸ்கேன் வராமல் போகலாம். இரண்டு கம்பெனிகளும் அந்த மாடல்களை ஒப்புக்கொண்டு இருக்கின்றனவா என்று பார்க்காமல், இந்த வசதிக்காக அதிக விலை கொடுக்காதீர்கள்.

மூன்றாம் வழி: வை-பை உள்ள பிரிண்டர். இது தானாகவே ரூட்டரோடு சேர்ந்துகொள்ளும். செல்போனில் இருந்தும் அச்சடிக்கலாம். வீடுகளுக்கு இதுவே நல்லது. வாங்கும்போது ஏர்பிரிண்ட், மோப்ரியா என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இருந்தால், கம்பெனியின் தனி ஆப் இல்லாமலே போனில் இருந்து அச்சடிக்க முடியும்.

ஏன் இதைச் சொல்கிறோம்? கூகுள் நிறுவனம் இன்டர்நெட் வழியாக அச்சடிக்கும் ஒரு வசதியை நடத்தி வந்தது. 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு அதை மூடிவிட்டது. அதையே நம்பி இருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியது ஆயிற்று. ஒரே ஒரு கம்பெனியின் கதவு வழியாக மட்டும் வேலை செய்யும் பொருள், அந்தக் கதவு மூடினால் நின்றுவிடும்.

"பிரிண்டர் பேச மாட்டேன் என்கிறது!"

நாளை காலை பரீட்சை. இரவு பத்து மணி. "அம்மா! ஹால் டிக்கெட் வர மாட்டேன் என்கிறது. பிரிண்டர் இணைப்பில் இல்லையாம்" என்று மகள் கலங்குகிறாள். நேற்று வேலை செய்த பிரிண்டருக்கு இன்று என்ன ஆயிற்று?

பெரும்பாலும் காரணம் சின்னது. ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுக்கிறது. வீட்டுக் கதவு எண் மாதிரி. கரண்ட் போய் வந்தால் அந்த எண் மாறலாம். கம்ப்யூட்டர் பழைய எண்ணில் போய்த் தேடும். பிரிண்டர் புதிய எண்ணில் உட்கார்ந்து இருக்கும்! ரூட்டரில் பிரிண்டருக்கு மட்டும் ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

பிரிண்டரை முதன்முதலில் சேர்க்கும்போது உங்கள் போனையும் 2.4 வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரின் பூட்டை டபிள்யு.பி.ஏ.-3 என்று மட்டும் வைத்தால் பழைய பிரிண்டர் சேராது. இரண்டும் மூன்றும் கலந்த பூட்டை வையுங்கள்.

ரூட்டரை மூலையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். இரும்பும் கான்கிரீட்டும் கண்ணாடியின் உலோகப் பூச்சும் அலையை மறிக்கும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 வரிசை தடுமாறும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வைப்பதே நல்லது.

இன்றே செய்யுங்கள்

வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பாருங்கள். அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் செய்யுங்கள்.

ரூட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. ஒன்று வை-பையில் சேர்வதற்கு. இன்னொன்று ரூட்டரின் உள் அமைப்பைத் திறப்பதற்கு. பலர் முதலாவதை மட்டும் மாற்றுகிறார்கள். "மிராய்" புகுந்தது இரண்டாவதன் வழியாக! இரண்டையும் மாற்றுங்கள். நீளமாக வையுங்கள். பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் வேண்டாம். நாலைந்து சம்பந்தம் இல்லாத சொற்களைச் சேர்த்து எழுதினால் உங்களுக்கு நினைவு இருக்கும், மற்றவனுக்குப் பிடிபடாது.

தானாக அப்டேட் ஆகும் வசதியைப் போட்டு வையுங்கள். வெளியூரில் இருந்து ரூட்டரைத் திறக்கும் வசதி இருந்தால் அணைத்து விடுங்கள். பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யு.பி.எஸ். வசதியையும் அணையுங்கள். அதில் உள்ள பலவீனம் 2011-லேயே வெளியானது.

விருந்தாளிகளுக்குத் தனி வை-பை வையுங்கள். பெரும்பாலான ரூட்டர்களில் அந்த வசதி உண்டு. மைத்துனர் வந்து அந்த வை-பையில் சேர்ந்தால், இன்டர்நெட் கிடைக்கும்; உங்கள் பிரிண்டர் கிடைக்காது. அது பழுது அல்ல. அதுதான் காவல்.

பிரிண்டருக்கும் உள் பாஸ்வேர்டு உண்டு. அதையும் மாற்றுங்கள். சில பிரிண்டர்கள் தனியாக ஒரு வை-பையைப் பரப்பும். வேண்டாம் என்றால் நிறுத்துங்கள்.

பழைய ரூட்டரையோ பிரிண்டரையோ எடைக்குப் போடும்முன், முழுவதும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் பாஸ்வேர்டு அதற்குள் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ரூட்டர் வாங்கிய நாளையும், அப்டேட் நிற்கும் வருடத்தையும் ஒரு சீட்டில் எழுதி, பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள்.

இரவு படுக்கும்முன் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடுகிறோம். போட்டோமா என்று ஒரு முறை இழுத்துப் பார்க்கிறோம். அது எந்தச் சட்டமும் சொல்லி வந்த பழக்கம் அல்ல. நம் வீடு, நம் பிள்ளைகள் என்ற அக்கறையில் வந்த பழக்கம்.

வீட்டுக்கு இப்போது இன்னொரு வாசல் வந்து இருக்கிறது. அதையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்!